ஒரே லட்சுமி படத்தில் இரண்டு விதமான புள்ளிகள்: மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததை யாராவது விளக்க முடியுமா?

வளவுவீட்டுக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பூர்வீக வீடு தேவகோட்டைப் பக்கம். போன தையில் பங்கு பிரித்தபோது பாத்திரம், பெட்டகம், பர்மாத் தேக்கு நாற்காலி என்று எல்லாவற்றுக்கும் சீட்டுக் குலுக்கினோம். முகப்பில் மாட்டியிருந்த லட்சுமி படத்தை மட்டும் யாரும் சீட்டில் சேர்க்கவில்லை. கண்ணாடியில் அழுக்கேறி, உள்ளே இருப்பது எந்தச் சாமி என்றே தெரியாத நிலை. சரி, நான் எடுத்துக்கொள்கிறேன் என்று இறக்கினேன். ஆணி சுவரோடு பிடுங்கிக்கொண்டு வந்து, கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டது.

விரிந்த கண்ணாடியை எடுத்த பிறகுதான் விஷயமே தெரிந்தது. லட்சுமியின் சேலை படம் இல்லை, நிஜமான பட்டு. கரையில் சரிகை, உடம்பெல்லாம் சமிக்கி, கழுத்தில் பொடி முத்து, எல்லாமே காகிதத்தோடு சேர்த்து ஊசியால் தைத்தது. முகம், நான்கு கைகள், பாதம், தாமரை, பின்னால் மாலை ஏந்திய யானை, தண்ணீர் இவை மட்டும்தான் படம். பார்த்த உடனே அத்தான் (அக்காவின் வீட்டுக்காரர்) பேச்சை மாற்றிவிட்டார். "இது ரவிவர்மா கையால் தீட்டினதா இருக்கும். லட்சத்துக்குப் போகும். இதையும் பங்கில் சேர்க்கணும்" என்றார். காரைக்குடியில் பழம்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். மேற்பரப்பில் துணி நெசவு தெரிகிறது, அதனால் கான்வாஸில் வரைந்த ஆயில் பெயின்டிங்தான் என்று அவரும் தூபம் போட்டார்.

நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கலையும் தெரியாது, வேதியியலும் தெரியாது. ஆனால் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளிடம் ஒரு யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப் இருக்கிறது. வெங்காயத் தோல் பார்க்க வாங்கியது. அட்டைப் பெட்டியில் 1600 மடங்கு என்று போட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை படத்தைச் சாப்பாட்டு மேஜையில் படுக்க வைத்து, லேப்டாப்பில் பார்த்தோம். பார்த்ததைக் குறித்து வைத்ததும் மகள்தான். அதை அப்படியே தருகிறேன்.

முகம்: வெறும் கண்ணுக்குக் கன்னம் வழுவழுவென்று இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பில் கன்னமே இல்லை, வெறும் புள்ளிகள். இளஞ்சிவப்பு, செங்கல் நிறம், வெளிர் பழுப்பு, சாம்பல் கலந்த நீலம் என்று நாலைந்து நிறம். ஒரு புள்ளி பெரிது, ஒன்று சிறிது, சில இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது. வரிசை கிடையாது. மூக்கின் நிழலில் நெருக்கமாகவும் நெற்றியில் கலைவாகவும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, அதில் வறண்ட கண்மாய்த் தரை போல வெடிப்பு.

வலது கீழ் மூலை: ஒரு தாமரை இலையும் கொஞ்சம் தண்ணீரும் இருக்கிற இடம், உள்ளங்கை அளவு. இங்கேயும் புள்ளிகள்தான். ஆனால் ராணுவ அணிவகுப்பு மாதிரி. நீலம், ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு நான்கே நிறம். அவை சேர்ந்து குட்டிக் குட்டிப் பூ வட்டங்களாகத் தெரிகின்றன. மேலே அந்த மஞ்சள் பூச்சும் இல்லை, வெடிப்பும் இல்லை.

அந்த இலையின் ஓரத்தில் அங்கங்கே பச்சை கலந்த நீலத் துணுக்குகள். உப்புக்கல் மாதிரி, ஆனால் அதைவிட ரொம்பச் சின்னது.

கேள்வி இதுதான். ஒரே படத்தில் எப்படி இரண்டு விதப் புள்ளி வரும்? புள்ளி இருந்தாலே அச்சடித்த படம் என்று அர்த்தமா, அல்லது ஓவியர்களும் புள்ளி வைத்து வரைவார்களா? அந்தப் பச்சை பூசணமா? விலை எனக்கு வேண்டாம், அத்தானுக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும்.

---

எல்லாம்தெரிந்தவன் எழுதியது:

புள்ளி தெரிந்தால் பிரின்ட். அவ்வளவுதான். இதற்கு இவ்வளவு ஆராய்ச்சியா? அந்தப் பச்சை பூசணம், பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்துவிடுங்கள். முகத்தில் அழுக்கு இருந்தால் உருளைக்கிழங்கை வெட்டித் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். என் மாமா வீட்டில் செய்தோம்.

---

பரிசோதனைக்கூடம் எழுதியது:

தயவுசெய்து ஸ்பிரிட்டும் வேண்டாம், உருளைக்கிழங்கும் வேண்டாம். அந்த மஞ்சள் பூச்சு வார்னிஷ். ஸ்பிரிட் பட்டால் அது கரையும், கரையும்போது அடியில் இருக்கும் நிறத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். கிழங்கின் மாவுச்சத்து வெடிப்புகளுக்குள் போய்த் தங்கிவிடும். அடுத்த மழைக்காலத்தில் நிஜமான பூசணம் வரும், வெள்ளிப்பூச்சிக்கும் விருந்து. மேலே எழுதியவரின் மாமா வீட்டுப் படம் பளிச்சென்று ஆனது அழுக்கு போனதால் மட்டும் இருக்காது.

நான் பழம்பொருள் பராமரிப்புக் கூடங்களில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்றுவிட்டேன். வளவுவீட்டுக்காரன் சார், முதலில் உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். பார்த்ததையும் ஊகித்ததையும் கலக்காமல் எழுதியிருக்கிறாள். சம்பளம் வாங்கிய உதவியாளர்களிடம் இதை வரவழைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

முகத்தில் இருப்பது குரோமோலித்தோ, அதாவது கல்லச்சு வண்ணப்படம். சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப்பசை மையால் படம் வரைந்து அச்செடுக்கிற முறை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். கன்னத்தின் குழைவு வர வேண்டுமென்றால், ஒரு ஆள் உட்கார்ந்து பேனாவால் ஒவ்வொரு கல்லிலும் புள்ளி புள்ளியாக வைக்க வேண்டும். அதனால்தான் அளவு ஒன்றுபோல் இல்லை, வரிசையும் இல்லை. மூக்கின் நிழலில் நெருங்கியதும் நெற்றியில் விலகியதும் அந்த ஆளின் கை செய்த வேலை. ஆக, உங்கள் கேள்வியில் பாதிக்கு விடை: இது அச்சுப்படம், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் கையால் வைத்தது. அத்தானுக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லிக்கொள்ளுங்கள்.

ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமி, சரஸ்வதி படங்கள் வீட்டுக்கு வீடு போனது அதற்குப் பிறகுதான். சில வருஷங்களில் அச்சகம் லோனாவாலா பக்கம் மளவலிக்கு மாறியது. அப்புறம் அதை ஃபிரிட்ஸ் ஷ்லைஷர் என்ற ஜெர்மானியர் வாங்கிக்கொண்டார். இந்த மாதிரிப் படங்களை ஓலியோகிராஃப் என்பார்கள். ஆயில் பெயின்டிங் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகவே வார்னிஷ் பூசி, மேற்பரப்பில் கான்வாஸ் நெசவையும் அழுத்திப் பதிப்பார்கள். வியாபாரி ஏமாந்தது அதில்தான். அந்த நெசவின் மேல் மைக்ரோஸ்கோப்பை வைத்துப் பாருங்கள். நிஜத் துணியானால் நூலுக்கு மேல் நூல் ஏறி இறங்கும், ஓரம் கிழிந்த இடத்தில் பிரிந்த இழை நீட்டிக்கொண்டிருக்கும். பதித்த நெசவானால் மேடு பள்ளம் மட்டும்தான் இருக்கும். கிழிசலில் காகித நார் தாறுமாறாகக் கிடக்கும்.

வலது மூலையில் நீங்கள் பார்த்த பூ வட்டங்கள் நாலு வண்ண ஆஃப்செட்டின் கையெழுத்து. புகைப்படத்தை ஸ்கிரீன் வழியாகப் புள்ளிகளாக உடைத்து, நான்கு நிறத்தையும் வெவ்வேறு கோணத்தில் சாய்த்து அச்சிட்டால் அந்த வட்டங்கள் தானாக விழும். ஒரே தாளில் கல்லச்சும் ஆஃப்செட்டும் இப்படித் துண்டாகப் பிரிந்து வராது. எனவே என் ஊகம்: அந்த மூலை பிற்காலத்து ஒட்டு.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 'வரிசையாகப் புள்ளி இருந்தால் புதுசு' என்று எல்லாப் படத்துக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். பென் டே என்று ஒரு முறை 1879இலேயே வந்துவிட்டது. ரெடிமேட் புள்ளிப் பரப்பைக் கல்லில் அழுத்தி மாற்றுவது. பழைய கல்லச்சுப் படங்களில் வானம், பின்னணி போன்ற இடங்களில் புள்ளிகள் ஒழுங்காக இருக்கும், பழசுதான். நாலே நிறமா, பூ வட்டம் விழுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஊகத்தை உறுதிப்படுத்த இன்னும் கொஞ்சம் பாருங்கள். மைக்ரோஸ்கோப்பைச் சுற்றியிருக்கும் எல்.இ.டி. விளக்குகளை அணைத்துவிட்டு, அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் படத்தோடு படமாகக் கிடைமட்டத்தில் பிடியுங்கள். ஒட்டியிருந்தால் ஓரம் ஒரு படிக்கட்டு போல நிழல் காட்டும். பெட்டியில் போட்ட 1600ஐ மறந்துவிடுங்கள், அது உங்கள் லேப்டாப் திரையின் அகலத்தையும் சேர்த்துச் சொல்கிற கணக்கு. இந்த வேலைக்கு 20 மடங்கிலிருந்து 200 வரை போதும். இரும்பு ஸ்கேலை அதே உயரத்தில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டால், ஒரு மில்லிமீட்டரில் எத்தனை புள்ளி என்று எண்ணலாம். மூலையில் எண்ணிச் சொல்லுங்கள்.

முக்கியமாக, மைக்ரோஸ்கோப்பின் பிளாஸ்டிக் மூக்கு படத்தைத் தொடக்கூடாது. வெடித்த வார்னிஷ் நகக்கண் அளவு பட்டாலும் செதில் செதிலாக எழும். இரண்டு பக்கமும் தடித்த புத்தகம் வைத்து, அவற்றின் மேல் ஸ்டாண்டை நிறுத்துங்கள். கண்ணாடி உடைந்ததற்கு வருத்தப்படாதீர்கள். படம் கண்ணாடியில் ஒட்டியிருந்து, அதைப் பிடித்து இழுத்திருந்தீர்களானால் லட்சுமியின் முகம் கண்ணாடியோடு போயிருக்கும். நான் பார்த்திருக்கிறேன், என் கையாலேயே ஒருமுறை.

பச்சைத் துணுக்கைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல மாட்டேன். சரிகையில் செம்பு இருந்தால் அதன் களிம்பாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது ஜோசியம். பூசணமானால் இழை இழையாகத் தெரியும், உப்புக்கல் போல இருக்காது.

---

கல்லச்சு எழுதியது:

தம்பி, நான் சிவகாசி. அறுபத்தெட்டு வயசு. மேலே அம்மா சொன்னது அத்தனையும் சரி. அச்சுக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் அப்பா தீப்பெட்டி லேபிள் அடிக்கிற லித்தோ பிரஸ்ஸில் வேலை பார்த்தவர். எங்கள் ஊரில் அச்சுத் தொழில் வளர்ந்ததே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் வேண்டும் என்பதற்காகத்தான். பழைய படத்தை அழித்துவிட்டுக் கல்லைத் திரும்பப் பயன்படுத்த வேண்டுமே, அதற்கு மணலும் தண்ணீரும் போட்டு ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை வைத்துச் சுற்றிச் சுற்றித் தேய்ப்பார்கள். சின்ன வயசில் அந்தச் சத்தத்தில்தான் தூங்கினேன். அதில் ஒரு கல் இன்னும் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் கிடக்கிறது, துணி துவைக்க. கல்லில் படம் இட வலம் மாறி இருக்க வேண்டும். அதனால் புள்ளி வைக்கிற ஆள் பக்கத்தில் கண்ணாடியை நிறுத்தி, அதில் மூலப்படத்தைப் பார்த்து வைப்பார். கண் போய்விடும் வேலை.

உங்கள் படத்தில் இன்னொன்று பாருங்கள். நிறங்கள் முடிகிற ஓரம், உதடு, விரல் நுனி, இங்கே ஏதாவது ஒரு நிறம் மட்டும் மயிரிழை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா? நாங்கள் ரிஜிஸ்டர் விலகல் என்போம். பத்துக் கல் என்றால் தாள் பத்து முறை மிஷினுக்குள் போய் வர வேண்டும். மழைக் காற்றில் காகிதம் ஈரம் குடித்து நீளும், வெயிலில் சுருங்கும். பத்து நிறமும் ஒரே இடத்தில் உட்காருவது சாமி புண்ணியம். உதட்டோரம் இளஞ்சிவப்பு வெளியே வழிந்திருந்தால், அது பிசகு இல்லை, கல் மாறி மாறி அடித்ததற்குச் சாட்சி.

நகை, கிரீடம் எதையாவது தைக்காமல் விட்டிருந்தால் அதையும் பாருங்கள். பழைய படங்களில் தங்க நிறத்துக்கு வெண்கலப் பொடி போடுவார்கள். பசை மையை முதலில் அடித்து, ஈரம் காய்வதற்குள் பொடியைத் தூவித் தட்டிவிடுவது. லென்ஸில் பார்த்தால் அரிசித் தவிடு போலச் செதில் செதிலாக மின்னும். இப்போதைய சாதாரண நாலு வண்ணப் பிரின்டில் தங்கம் என்பது மஞ்சளும் சிவப்பும் கலந்த புள்ளிதான், மின்னாது.

மூலையின் புள்ளியை எண்ணிச் சொல்லுங்கள். ஒரு மில்லிமீட்டரில் அஞ்சு விழுந்தால் 133 ஸ்கிரீனுக்கு, அதாவது அங்குலத்துக்கு 133 புள்ளி வரிசைக்குப் பக்கம். ஆறு என்றால் 150. அஞ்சு என்றால் காலண்டர் என்று என் மனசு சொல்கிறது.

---

காவிரிக்கரை எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் ஒரு தஞ்சாவூர் கிருஷ்ணர் படம் இருக்கிறது. இதே மாதிரி யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் அது எவ்வளவு பழசு என்று தெரியுமா மேடம்?

---

பரிசோதனைக்கூடம் எழுதியது:

தங்கத் தகடா, தங்க நிறப் பூச்சா என்பதும், கல் பதித்த இடத்தில் சுக்கான் வேலை (சுண்ணாம்புப் பொடியைப் பசையில் குழைத்து மேடாக்கிய பூச்சு) விரிசல் விட்டிருக்கிறதா என்பதும் தெரியும். பிற்காலத்தில் யாராவது தூரிகை போட்டிருந்தால், பழைய வெடிப்பின் மேல் புது நிறம் இறங்கியிருப்பதும் தெரியும். வயசு தெரியாது.

வயசுக்குப் பக்கத்தில் போக வேண்டுமானால் ஊசி முனையளவு மாதிரி எடுத்து, பிசினில் பதித்து, குறுக்கு வெட்டாகத் தேய்த்து, பெரிய மைக்ரோஸ்கோப்பில் அடுக்கடுக்காகப் பார்க்க வேண்டும். பலகை, அதன் மேல் துணி, சுண்ணாம்புப் பூச்சு, நிறம், மறுபடி நிறம் என்று வரிசையாகத் தெரியும். நீலத்தைப் பொடியாக எடுத்துப் பார்த்தால், கல்லை அரைத்த இயற்கை நீலம் உடைந்த கண்ணாடித் துண்டுகளாக, பெரிதும் சிறிதுமாக இருக்கும். 1820களின் கடைசியில் பிரான்சில் செய்யத் தொடங்கிய செயற்கை அல்ட்ராமரின் மாவு போல ஒரே அளவில் உருண்டை. வெள்ளையில் டைட்டேனியம் இருந்தால் ஏறக்குறைய 1920க்கு முன்னால் போக முடியாது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கக் கண் மட்டும் போதாது, வேறு கருவியும் வேண்டும். இதெல்லாம் வீட்டில் செய்யும் வேலை இல்லை, பிளேடை எடுத்துவிடாதீர்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்கு நல்ல முன்னோடி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரிய வந்தது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் எஸ். பரமசிவன் அந்தச் சுவரின் பூச்சையும் நிறப்பொருள்களையும் 1930களிலேயே ஆராய்ந்தார், சித்தன்னவாசலையும் பார்த்தார். நமக்கு இருக்கும் வசதியில் பத்தில் ஒன்றுகூட அவரிடம் கிடையாது.

---

வளவுவீட்டுக்காரன் எழுதியது:

பதினொரு நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மார்ச் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது.

மேடம் சொன்னபடி அறையை இருட்டாக்கி டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். மூலையில் படி இருக்கிறது! அதுவும் நேர்க்கோடாக இல்லை. தாமரை இலையின் ஓரத்தோடு வளைந்து வளைந்து போகிறது. யாரோ கத்தரிக்கோலால் இலையை அதன் விளிம்போடு வெட்டி, பழைய படத்தின் இலைக்கு மேல் அப்படியே உட்கார வைத்திருக்கிறார்கள். அதனால்தான் இத்தனை வருஷம் யார் கண்ணுக்கும் படவில்லை. இலையின் கீழ்ப்பக்கம் மட்டும் கொஞ்சம் கை நழுவி, வெள்ளைக் காகிதம் நூலளவு நீட்டிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சி, எண்ணினேன். நான் ஐந்து, மகள் ஐந்து, அத்தானையும் உட்கார வைத்து எண்ண வைத்தேன், அவர் ஐந்தரை. உதட்டோரமும் நீங்கள் சொன்ன மாதிரியே. இளஞ்சிவப்பு கோட்டுக்கு வெளியே ஒரு பக்கமாக வழிந்திருக்கிறது. விரல் நுனியிலும் அதே பக்கம், அதே அளவு. கிரீடத்தின் உச்சியில் தைக்காமல் விட்ட ஒரு பொட்டு இடம் இருந்தது. தவிட்டுச் செதில் மின்னுகிறது, சில செதில் கறுத்துப் பழுப்பாகிவிட்டது.

நெசவையும் பார்த்தோம். மேடு பள்ளம்தான், நூல் இல்லை. ஆயில் பெயின்டிங் கதை அத்தோடு முடிந்தது.

சரிகையை ஆசைக்குப் பார்த்தேன். இதை யாரும் கேட்கவில்லை, ஆனால் இவ்வளவு நாளில் நான் பார்த்ததில் ரொம்ப அழகு அதுதான். சேலைக் கரை வெறும் கண்ணுக்குக் கறுத்த பித்தளை போல இருக்கும். 200 மடங்கில் ஒவ்வொரு இழையும் தட்டையான உலோக நாடா, ஒரு நூலின் மேல் திருகு ஆணி மரை போலச் சுற்றியிருக்கிறது. நாடாவின் முகமெல்லாம் கறுப்பு. இரண்டு சுற்றுக்கு நடுவில், உராயாத பள்ளத்தில் மட்டும் மஞ்சள் தங்கம் மிச்சம். நாடா கொஞ்சம் விலகிய இடத்தில் உள்ளே நூல் தெரிகிறது. நல்ல குங்குமச் சிவப்பு, வழுவழுவென்று. வெள்ளிக்குத் தங்க முலாம் பூசி, சிவப்புப் பட்டு நூலில் சுற்றுவதுதான் காஞ்சிபுரம் பக்கத்துப் பழைய சரிகை என்று எங்கள் தெருவில் பட்டு நெய்த ஒருவர் சொன்னார். ஒப்பிடுவதற்கு மனைவியின் புதுச் சேலை ஒன்றை வைத்துப் பார்த்தேன். அதில் இருப்பது பிளாஸ்டிக் தாள் நாடா. இதைக் கண்டுபிடித்தது குடும்பத்தில் வேறு பிரச்சினையைக் கிளப்பிவிட்டது, அது இங்கே வேண்டாம்.

கடைசியாக, நான் முதலிலேயே செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்தேன். புதுக்கோட்டையில் இருக்கும் அத்தைக்குப் போன் போட்டேன். எண்பத்திரண்டு வயசு, ஞாபகம் கத்தி. மூலையைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்கள். "கரையான் ஏறுச்சுப்பா ஒரு வருஷம். ஆணி வழியா இறங்கி மூலையத் தின்னுட்டுது. லட்சுமி படத்துல ஓட்டை இருந்தா ஆகாதுன்னு அப்பத்தா ஜவுளிக்கடை காலண்டர வெட்டி ஒட்டினாக" என்றார்கள். பசை மைதா மாவு, அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் காய்ச்சியது. பூச்சி அரிக்காமலிருக்கத் துத்தம் போடுவது வழக்கமாம். கீழே பிரஸ் பெயர் ஏதாவது அச்சடித்திருந்ததா என்று கேட்டேன். இருந்திருந்தால் அதைக் கரையானிடம்தான் கேட்கணும் என்றார்கள்.

மேடம், அந்தப் பச்சை நீலத் துணுக்கு மயில்துத்தமாக இருக்குமா?

---

பரிசோதனைக்கூடம் எழுதியது:

இருக்கலாம். துணுக்குகள் ஒட்டின் ஓரத்தில் மட்டும் இருக்கின்றன, சரிகைப் பக்கம் இல்லை என்றால் பசையிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஈரம் காயும்போது ஓரத்துக்கு வந்து உறைந்திருக்கும். சரிகையின் பின்புறத் தையல்களையும் ஒருமுறை பார்த்து, அங்கே பச்சை இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கை வைத்தால் கழுவிவிடுங்கள், துத்தம் விஷம்.

இது ரவிவர்மா அச்சகத்துப் படமா என்று கேட்டீர்களானால், மைக்ரோஸ்கோப் அதைச் சொல்லாது. கல்லச்சு என்று சொல்லும், யாருடைய கல் என்று சொல்லாது. அவர் படங்களைப் பார்த்துக் காப்பி அடித்த அச்சகங்கள் பல. பெயர் இருந்த ஓரமே போய்விட்டது.

அந்த ஒட்டை எடுக்க வேண்டாம். மறுபடி பிரேம் போடும்போது கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் சுற்றிலும் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். சமிக்கியும் முத்தும் கண்ணாடியில் அழுந்தாத அளவுக்கு ஆழம் வேண்டும். பின்னால் பழைய பலகை இருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அமிலமில்லாத அட்டை. வெயில் விழும் சுவர் வேண்டாம்.

---

கல்லச்சு எழுதியது:

அஞ்சு! சொன்னேனா இல்லையா. தம்பி, அந்தக் காலண்டர் துண்டை மட்டும் நல்ல வெளிச்சத்தில் பெரிதாக ஒரு படம் எடுத்துப் போடுங்கள். லட்சுமி காலண்டர் எங்கள் கையில் எத்தனையோ ஓடியிருக்கிறது. அந்த இலையை நான் அடித்திருந்தாலும் அடித்திருப்பேன்.

---

வளவுவீட்டுக்காரன் எழுதியது:

இன்று இரவு போடுகிறேன் அண்ணாச்சி. பிரேம்காரரிடம் அட்டைச் சட்டம் சொல்லியாகிவிட்டது. அவருக்கு அது புதுசு, இரண்டு முறை வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

அத்தான் பங்குப் பேச்சை விட்டுவிட்டார். இப்போது மைக்ரோஸ்கோப்பை ஒரு வாரம் கடன் கேட்கிறார். அவரிடம் ஏதோ பழைய ஸ்டாம்ப் ஆல்பம் இருக்கிறதாம். மகள் தர மாட்டேன் என்கிறாள்.